பூவரசுக்குச் சங்கிலி போட்டவர்கள்

கொக்குமடை அரசு உயர்நிலைப் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்த பூவரசமரம், ஒரு வியாழக்கிழமை காலை இடைவேளைக்குச் சற்று முன்னால், வேர்களை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவி, சேற்றிலிருந்து காலெடுக்கிற எருமையைப்போல உதறி, சத்துணவுக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு, இடிந்த மதில் வழியாகப் பின்னாலிருக்கும் பொட்டலுக்கு நடந்து போய் நின்றுகொண்டது. அது போனதில் முதலில் கோபப்பட்டவர் தலைமையாசிரியர் தணிகாசலம், ஏனென்றால் அவருடைய மோட்டார் சைக்கிள் வெயிலில் கிடந்தது.

மரம் நடந்ததற்காக ஊரில் யாரும் மூச்சடைத்து விழவில்லை. கொக்குமடையை விட்டு மழை நடந்து போனது, ஆற்றுத் தண்ணீர் நடந்து போனது, திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பாதி ஆம்பளைகள் நடந்து போனார்கள், மரம் மட்டும் நின்ற இடத்தில் நின்று என்னத்தைக் கண்டது என்று டீக்கடையில் பேசிவிட்டு எழுந்து போனார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, மரம் பள்ளிக்கூடத்துச் சொத்து, இப்போது நிற்கிற மண் புறம்போக்கு, ஆகவே இது ஆக்கிரமிப்பா இல்லையா என்று மேலே கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றார். தணிகாசலம் சார், மரம் வந்த வழியே திரும்புமா, திரும்பினால் வண்டியைப் பழைய இடத்திலேயே விடலாமா என்று கேட்டார். எதற்காக நடந்தது என்று மட்டும் ஒரு வாய் கேட்கவில்லை.

அதை நான் சொல்கிறேன். என் பேர் ராக்காயி, சுற்றுவட்டாரச் சந்தைகளில் கேட்டால் தெரியும். ஒற்றைக் குட்டியை வைத்து ஆட்டு யாவாரம் தொடங்கி, உதைபட்டு, ஏமாந்து, அடுத்த தடவை ஏமாற்ற வந்தவனின் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்து, பேசிப் பேசியே மேலே வந்தவள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் நான்தான் தலைவி, படித்தவர்கள் எல்லாம் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டதால். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அத்தனை பேர் படிக்கிற பள்ளிக்கூடத்தில், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று இரண்டு கழிப்பறைக் கட்டடம் நிற்கிற பள்ளிக்கூடத்தில், ஒரு பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போக இடமில்லை, மனுசன் ஒருத்தனும் நகரவில்லை, அதனால் மரம் நகர்ந்தது.

அந்தப் பிள்ளை தாரணி, பத்தாம் வகுப்பு. ஊர் அவளை ஆம்பளைப் பிள்ளை என்று எண்ணி வைத்திருந்தது, அவள் ஒருநாளும் அப்படி எண்ணிக்கொள்ளவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதமாட்டேன், கேட்டால் வைவேன். ஆம்பளைப் பையன்களின் கழிப்பறையில் அவளை விட்டுக் கதவை வெளியே பூட்டினார்கள், மேலே ஏறி எட்டிப் பார்த்தார்கள், வாளித் தண்ணீரை ஊற்றினார்கள், அவள் நனைந்துபோய் வகுப்புக்கு வந்தால் வாத்தியார்கள் "ஏன்டா நனைஞ்ச?" என்று அவளையே வெளியே நிறுத்தினார்கள். பொம்பளைப் பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் போனால் தணிகாசலம் சார் ஜன்னலிலிருந்தே விசிலடித்தார். ஆகவே அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெசிந்தா டீச்சர். கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர், பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியர், மீன் ஏலம் விடுகிற குரல். எங்கள் பள்ளியில் தண்ணீர் குடிக்க மணி அடிப்பார்கள், அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கவேண்டும். தாரணியும் தூக்குவாள், தொண்டையை அசைப்பாள், ஆனால் மூடியைத் திறக்கமாட்டாள். டீச்சர் அதை வகுப்புக்கு நடுவில் கேட்கவில்லை. ஆய்வகத்துக்குச் சாமான் எடுக்க வா என்று கூட்டிப்போய், கதவருகில் நின்றுகொண்டு கேட்டார்.

"மூடியத் திறக்காம எப்படிம்மா குடிக்க?"

அம்மா என்று பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் அதற்குமுன் கூப்பிட்டதில்லை.

"குடிச்சா போகணும் டீச்சர். போனா அடிப்பாய்ங்க."

"சரி. நான் உன்னைய என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?"

"தாரணி."

"வகுப்புலயும் அப்படிக் கூப்பிடவா, இல்ல நமக்குள்ள மட்டுமா? வீட்ல தெரியுமா? நீ சொல்லாம நான் யார்ட்டயும் வாயத் திறக்கமாட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டு, "வகுப்புலயே கூப்பிடுங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் வருகை எடுக்கும்போது கூப்பிட்டார். பின்பெஞ்சில் ஒருத்தன் கெக்கெக்கே என்று சிரித்தான். டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. "ஏலே, நாளையிலருந்து உன்னைய நான் கழுதைன்னு கூப்பிடுதேன். உள்ளேன்னு சொல்லுவியா?" "மாட்டேன் டீச்சர்." "அப்ப அவ மட்டும் ஏம்ல தனக்கு இல்லாத பேருக்கு உள்ளேன்னு சொல்லணும்?" அன்றோடு அந்த வகுப்பில் சிரிப்பு நின்றது. பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்று கேட்ட கணக்கு வாத்தியாரிடம், "பதிவேடு கவர்மெண்டோடது சார், வாய் என்னோடது" என்றார்.

ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் பள்ளிக்கூடம் தணிகாசலம் சாருடையது. "பேர் என்னவோ கூப்பிட்டுக்குங்க டீச்சர், அது காத்தோட போயிரும். கழிப்பறை கட்டடம். நாளைக்குப் பொம்பளப் பிள்ளையப் பெத்தவன் வந்து என் சட்டையப் பிடிப்பான்."

"பிடிச்சா எங்கிட்ட அனுப்புங்க சார். நான் பேசுதேன்."

"பாத்துச் செய்வோம்."

பாத்துச் செய்வோம் என்பது செய்யமாட்டோம் என்பதற்கு எங்கள் பக்கம் வைத்திருக்கிற மரியாதையான சொல். டீச்சர் தன்னிடமிருந்த ஆசிரியர் கழிப்பறைச் சாவியைத் தாரணியிடம் கொடுத்தார். மற்ற ஆசிரியர்கள் கூடிப் பேசி, அந்த வாரமே பூட்டை மாற்றினார்கள். பி.எட். படித்தவர்கள், எம்.எட். படித்தவர்கள், குழந்தை உளவியல் என்று பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்கள், ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் புதுப் பூட்டு வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். அந்தக் காசில் புழு வைக்க.

மிச்சமிருந்தது பள்ளிக்குப் பின்னாலிருந்த கருவேலங்காடு. முள்ளுக்கு நடுவில் ஒளிந்து ஒளிந்து போய்க்கொண்டிருந்தாள். பிறகு பஞ்சாயத்தில் சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள்; நல்ல காரியம், நிலத்தடி நீருக்கு நல்லது, கைதட்டினோம். காடு ஒரே நாளில் உள்ளங்கை மாதிரிப் பொட்டலாகிவிட்டது. அதற்கடுத்த காலைதான் பூவரசு நடந்தது.

நான் அப்போது பொட்டலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். தாரணி வந்து நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். மரம் தன் கிளைகளைத் தரை வரைக்கும் இறக்கி, கோழி குஞ்சுகளுக்குச் சிறகு இறக்குவதுபோல இறக்கி, இலைமேல் இலை போட்டு அவளைச் சுற்றி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கிளைகள் மேலே போயின, பிள்ளை பாவாடையை உதறுவதுபோலத் தன் கால்சட்டையை உதறிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பூவரச இலையைக் கண்டால் ஆடு எப்படிப் பாயும் என்று ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். என் ஆடுகள் ஒரு கடி கடிக்கவில்லை. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன.

ஊருக்கு அந்த ஆட்டுப் புத்தி இல்லை. மரம் ஒரு தடவை நடந்தபோது பேசாமலிருந்தவர்கள், அது கிளையை ஏற்றி இறக்குகிறது என்று விறகுக்குப் போன ஒருத்தி பார்த்துச் சொன்னதும் மஞ்சள் துணியோடு ஓடிவந்தார்கள். முன்னால் நின்றவர் மாயழகு. பஞ்சாயத்துத் தலைவராக இருந்து போன தேர்தலில் தோற்றவர், கையில் ஏதாவது வேண்டியிருந்தது, மரம் கிடைத்தது. பூவரசி அம்மன் என்று பெயர் வைத்தார், சேலை கட்டினார், சூலம் நட்டார், உண்டியல் வைத்தார், நான்கு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். பேருந்து அங்கே நின்றுபோக ஆரம்பித்தது, பொரிகடலைக் கடை வந்தது, பலூன்காரன் வந்தான். இது எல்லாம் ஆகிற வரைக்கும் தாரணி கூட்டம் ஓய்கிற நேரம் பார்த்து வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு மத்தியானம் பிடித்துவிட்டார்கள். "சாமி மரத்தடியில அசிங்கம் பண்ணுறான்டோய்!" என்று ஒருத்தன் கத்த, கம்போடு ஓடிவந்தார்கள், மாயழகு கையில் சவுக்குக் கட்டை. ஓங்கினார். கட்டை இறங்குவதற்குள் மரம் இறங்கியது. நாலாபக்கமும் கிளையைச் சாத்தி, பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு, கட்டையைப் பிடுங்கிப் பொட்டலில் எறிந்தது. குழாயில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாயழகு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், "தாயே, தெரியாம கை வச்சுட்டேன்" என்று அழுதார், அவர் விழுந்ததைப் பார்த்து ஊரே விழுந்தது. அடிக்க ஓங்கிய கை கும்பிடக் குவிய ஒரு இமைப்பொழுதுகூட ஆகவில்லை.

எங்கள் ஊருக்கு இரண்டே வித்தைதான் தெரியும். காலால் மிதிக்கும், இல்லையென்றால் காலில் விழும். பக்கத்தில் உட்காரத் தெரியாது.

மறுநாளிலிருந்து தாரணிக்கு மரத்தடியில் நாற்காலி. சிவப்புப் பட்டு, மாலை, காலுக்கு மஞ்சள் தண்ணீர். வகுப்பில் அவள் இடம் காலியானது, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் சார் தினமும் வந்து கும்பிட்டுவிட்டு, "தெய்வாம்சம் டீச்சர், நாம தடுக்கக் கூடாது" என்றார். விசிலடித்த அதே வாய். பிள்ளை பட்டுக்குள் அறிவியல் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒரு அம்மா கேட்டபோது, இவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும்" என்று முணுமுணுத்துவிட்டாள். அந்த அம்மா வீட்டுக்குப் போய் வாசலில் உப்புத் தண்ணீர் தெளித்தது, ஒரே வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அதற்கப்புறம் கொக்குமடையில் உப்பு கிடைக்கவில்லை.

தாரணியின் அம்மா செல்லக்கனி செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள். அவள் வீட்டுக்கு அரிசி வந்தது, சேலை வந்தது. நான் போய்ச் சத்தம் போட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மதினி, போன மாசம் எம்பிள்ளைய கல்லெடுத்து எறிஞ்சாய்ங்க. இந்த மாசம் பூவெடுத்து எறியிறாய்ங்க. எதுவும் எறியாத மாசம்னு ஒண்ணு இருந்தா சொல்லு, இப்பவே போய்க் கூட்டிட்டு வாரேன்."

அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள், எங்கள் ஊருக்கு வந்தால் கோபுரமே கட்டுகிறோம் என்று மரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வைத்துவிட்டுப் போனார்கள். மரம் நடக்கிற மரமாயிற்றே, போய்விட்டால்? மாயழகு ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்து, வேரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, லாரிக்குக் கட்டுகிற இரும்புச் சங்கிலியால் அடிமரத்தைப் பிணைத்து, கிளைகளை மேலே தூக்கித் தகரக் கொட்டகைக் கம்பியில் இறுக்கி, கலர் பல்பு போட்டுவிட்டார். எது நடந்து வந்ததால் சாமி என்று கும்பிட்டார்களோ அதை நடக்கவிடாமல் கட்டிவைத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தனுக்கும் அதில் கோளாறு தெரியவில்லை. இலைகள் பழுத்து விழுந்தன. அதைப் பொறுக்கிப் பிரசாதம் என்று கொடுத்தார்கள். பூவரசம்பூ காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்து போகும், எத்தனை தலைமுறையாகப் பார்க்கிறோம், ஏன் நிறம் மாறினாய் என்று எவனாவது அதனிடம் கேட்டிருக்கிறானா? இந்தப் பிள்ளையிடம் மட்டும் கேட்டார்கள், அடித்துக் கேட்டார்கள், பிறகு கும்பிட்டுக் கேட்டார்கள்.

மரத்தால் இப்போது கிளையை இறக்க முடியாது. விடிந்ததிலிருந்து கூட்டம். தாரணிக்குப் பழையபடி போக்கிடமில்லை, பழையபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காய்ச்சல் வந்தது, அடிவயிறு கொதித்தது, ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பூசையில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். "அருள் வந்துருச்சு!" என்று உடுக்கையடித்தார்கள். பிள்ளை மயங்கிக் கிடக்கிறாள், குலவை போடுகிறார்கள். ஜெசிந்தா டீச்சர் வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு ஓடிவந்து, உடுக்கைக்காரனைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அடக்கி அடக்கிக் கிருமி ஏறிவிட்டது, இன்னும் விட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் என்றார் டாக்டர். இரண்டு நாள் ஊசி. மூன்றாம் நாள் மாயழகின் ஆட்கள் வண்டி கொண்டுவந்து மறுபடியும் நாற்காலிக்குக் கூட்டிப்போனார்கள்.

இனி நான் பேசுகிறேன் என்று கிளம்பினேன். எங்கள் சந்தையில் ஆடு மாடு பேரத்தை வாயால் பேசமாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் கைகளைக் கோத்து, விரலைப் பிடித்துப் பேசுவோம், சுற்றி நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. மாயழகும் பழைய மாட்டு யாவாரி. துண்டைப் போட்டார். "ஏத்தா ராக்காயி, சுண்டுவிரல்னா காலை, மோதிரவிரல்னா மத்தியானம்" என்று ஒப்புக்கொண்டு, பிடித்தோம், முறுக்கினோம், விட்டோம், மறுபடி பிடித்தோம். அவர் வியர்த்தார், நானும் வியர்த்தேன். கடைசியில் படிந்தது: காலையில் நாற்காலி, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு, சாயங்காலம் கடைசி மணி அடித்து எல்லாரும் போனபிறகு, யாருக்கும் தெரியாமல், பொம்பளைப் பிள்ளைகளின் கழிப்பறையில் ஒரு தடவை. மலைக்கிடாயை மசிய வைத்த மிதப்பில் டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

டீச்சர் விடைத்தாளை மூடி வைத்தார். "ராக்காயியக்கா, நீங்க ஆட்டுக்குப் பேசினீயளா, பிள்ளைக்குப் பேசினீயளா?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீக? கல்லுல நார் உரிச்சுட்டு வந்துருக்கேன்."

"ஒண்ணுக்குப் போறதுல என்னக்கா பாதிக்குப் பாதி? ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் திருட்டுத்தனமா. அவ கூடப் படிக்கிற ஒங்க மக சிந்துஜாவுக்கு இப்படி ஒரு பேரம் முடிச்சுட்டு வருவீயளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீ சம்பளம் வாங்குகிறவள், நான் ஊருக்குள் பிழைக்கிறவள் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். டீச்சர் பதிலுக்குக் கத்தவில்லை. "அவளுக்கு உள்ளதை அவளுக்கே விலை பேசினா, விக்கிறது யாருக்கா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். டீச்சர் மேல் கோபம், மாயழகு மேல் கோபம், துண்டு மேல் கோபம். சிந்துஜா எதிரில் உட்கார்ந்து மடமடவென்று ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள், அந்தச் சத்தம்கூட என்னை அடித்தது.

என் பேரத்தை ஏற்காமல், அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் ஜெசிந்தா டீச்சர் பத்தாம் வகுப்பை எழுப்பி வரிசையாக நிறுத்தி, இரண்டு பையன்கள் கரும்பலகையைத் தூக்க, இடிந்த மதில் வழியாக மரத்தடிக்குக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமையே செல்லக்கனி வீட்டுக்குப் போய் தாரணியிடம் கேட்டிருக்கிறார்: நீ வரமுடியல, நாங்க வரட்டுமா, உனக்குச் சம்மதமா, கூட்டம் பார்க்கும், பேசும், தாங்குவியா என்று. "வாங்க டீச்சர். குவிலென்சு எனக்கு இன்னும் புரியல" என்றாளாம். கரும்பலகையை உண்டியலில் சாய்த்து வைத்தார்கள். தேங்காய்த் தட்டோடு நின்ற சனங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் வருகை எடுத்தார். வரிசையாகப் போய், "தாரணி" என்றார்.

"சாமி பேசப்படாது, பூசை நேரம்" என்றார் மாயழகு.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் தாரணி.

எழுந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள், பட்டை உருவி மடித்து அதன்மேல் வைத்தாள். உள்ளே பள்ளிக்கூடச் சுடிதார், துப்பட்டா மடிப்புக் கலையாமல். என் மகளின் இரண்டாவது செட், ஒரு வாரமாக வீட்டில் நான் தேடிக்கொண்டிருந்தது. சிந்துஜாவைப் பார்த்தேன், அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி வந்ததும் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் ஒரே புத்தகத்தில் குனிந்தார்கள்.

"ஏம்மா டீச்சரு, சாமி எந்திரிச்சுப் போனா ஊருக்கு ஆகாது!"

"சாமி அந்தா கட்டிக் கிடக்கு, கும்பிடுங்க. இது பத்தாம் வகுப்பு."

தணிகாசலம் சார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "டீச்சர், மெமோ குடுப்பேன்!"

"குடுங்க சார், பாடம் முடிஞ்சதும் வாங்கிக்கிடுதேன். பின்னாடி மறைக்குது, கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார், பாவம், பழக்கதோஷம். கூட்டமும் உட்கார்ந்தது. ஒளி எப்படி வளைகிறது என்று டீச்சர் பலகையில் கோடு போட்டார், தேங்காய்த் தட்டுகள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுப்பாடத்தில் தாரணி எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்."

குழாய்க்காரன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டான். சாமி என்று கும்பிட்ட வாய்களெல்லாம் அப்படியே திறந்து நின்றன. சாமிக்குப் பசி உண்டு, பலி உண்டு, கோபம் உண்டு, இது மட்டும் கிடையாது.

"போய்ட்டு வா."

"எங்க டீச்சர்?"

"மத்த பிள்ளைக எங்க போகுதுகளோ அங்க."

சிந்துஜா எழுந்தாள். "நானும் போகணும் டீச்சர்." பக்கத்திலிருந்த கௌசல்யா எழுந்தாள். அப்புறம் அந்த வகுப்பின் பொம்பளைப் பிள்ளைகள் அத்தனை பேரும், போகவேண்டியவளும் போகவேண்டாதவளும், தூசி தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நடுவில் தாரணி. மதிலைத் தாண்டி, சத்துணவுக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த மரம் வந்த வழியிலேயே எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். பின்னால் டீச்சர், பின்னால் நான், எனக்குப் பின்னால் ஊர்.

கழிப்பறை வாசலில் கௌசல்யாவின் அப்பன் முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தான். "எம்பிள்ளை போற எடம் இது. இங்க அது வரக் கூடாது."

"அப்பா, நாந்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் கௌசல்யா. "நீங்கதான் பொம்பளைப் பிள்ளைக கக்கூஸு வாசல்ல நிக்கிறீங்க. தள்ளுங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவனுக்குக் கை தானாக இறங்கியது.

மாயழகு மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "ஏத்தா, ஏன் இம்புட்டு ஆர்ப்பாட்டம்? வா, நமக்குள்ள பேசி முடிப்போம். ரெண்டு தடவைன்னாலும் சரி" என்று கையை நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டார். எனக்குக் கண்ணில் ரத்தம் கட்டியது. துண்டை உருவித் தரையில் அடித்தேன். அவர் கை அத்தனை பேருக்கு முன்னால் வெறுங்கையாக, இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றது.

"வாயால சொல்லுங்கண்ணே," என்றேன். "ஊரு கேக்கச் சொல்லுங்க. ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகலாம்னு நீங்க விலை வச்சிருக்கீங்க, சொல்லுங்க. சார், நீங்க சொல்லுங்க. பூட்டு மாத்துன வாத்தியாருக எல்லாம் அங்க ஜன்னல்ல நிக்கிறீகளே, எறங்கி வந்து சொல்லுங்க. அவுகவுக பிள்ளைக்கு என்ன ரேட்டுன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் இந்தப் பிள்ளைக்கு வாங்க."

தணிகாசலம் சாரின் வாய் விசிலுக்குக் குவிந்தது மாதிரி இருந்தது, காற்றுதான் வந்தது. அவர் முன்னால் ஜெசிந்தா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தாரணி உள்ளே போனாள். கதவு மூடியது. கொஞ்ச நேரம் உள்ளே கடகடவென்று சத்தம், பிறகு அவள் குரல்.

"சிந்துஜா, தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது."

அந்தத் தாழ்ப்பாள் கட்டடம் கட்டிய நாளிலிருந்தே நேராக விழுந்ததில்லையாம். எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை தீர்மானம் எழுதினோம், தலைவி எனக்கே தெரியாது. அங்கே போய் வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் கைப்பழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்துக் கத்தினார்கள்.

"கதவை மேல தூக்குடி! தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முட்டியால ஒரு இடி இடி!"

"இப்படியா?"

"இன்னும் தூக்கு! ஆங், இடி!"

இடித்தாள். டக்கென்று விழுந்தது.

பிள்ளைகள் சுவரில் சாய்ந்துகொண்டு குவிலென்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. தேங்காய்த் தட்டோடு நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். மாயழகு துண்டைக் குனிந்து எடுத்து உதறிவிட்டு, "இன்னும் எம்புட்டு நேரம்தான் ஆகும்?" என்று முனகினார்.

"ஆகுறபடி ஆகும்," என்றேன். "நில்லுங்க."